விரல் நின்ற வரி

எங்கள் பகுதி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், வானகரம் பக்கத்துப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன வாரம் ஒரு கேள்வி போட்டிருந்தாள். "மேடம், கற்றல் அடைவுத் தேர்வு அன்னைக்கு ரொம்ப வீக்கான பசங்களை லீவு போடச் சொன்னா ஏதாச்சும் பிரச்சினை வருமா?" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பதில் சொன்ன பெரிய மனிதர்களைத்தான் சொல்ல வேண்டும். "காய்ச்சல்னு போட்டுக்கம்மா" என்கிறார் ஒருவர். "எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கும்பிடு பொம்மை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதைக் கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டி மாளாது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சார்ட் ஒட்டினோம், பாடத்திட்டம் எழுதினோம், விடுதி உப்புமாவைத் திட்டினோம், அவ்வளவுதான். முதல் வேலை திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். பிறகு அம்பத்தூரில் நெடுங்காலம். கடைசியாக ஆவடி சேக்காட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. முகப்பேர் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போவேன். மற்ற ஊர்களில் செய்த வேலையெல்லாம் சேர்ந்தாலும், இந்தப் பள்ளியில் நடந்த ஒரே ஒரு விஷயத்துக்கு ஈடாகாது என்பது என் கணக்கு.

அங்கே தலைமையாசிரியை திலகவதி அம்மா. நாங்கள் எச்.எம். மேடம் என்போம். ஆள் குள்ளம், குரல் அதைவிடக் குள்ளம். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், அப்போதுதான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். வகுப்பைப் பார்க்க வந்தால் நாற்காலி கேட்க மாட்டார். பின்வாசல் வழியாக வந்து, கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொள்வார். பிறகு பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் புத்தகத்தை வாங்கி, படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "இப்போ படி கண்ணு" என்பார். எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித்தராத வித்தை அது. படம் தெரியாவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு வாய் அடைத்துப்போகும்.

நான் போய்ச் சேர்ந்த ஜூனில் ஐந்தாம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். கொரோனாக் காலத்தில் ஒன்றாம் வகுப்பை டிவியில் கேட்டே முடித்த பிள்ளைகள் அவர்கள். அந்த வகுப்பின் ராணி ஷமீமா. தமிழ்ப் பாடம் என்றால் அவள் எழுந்து நின்று ஒரு வரி சொல்வாள், மொத்த வகுப்பும் பின்னால் சொல்லும். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வந்தால் குரலை ஏற்றி, கிழவி பேசினால் கிழவியாகவே பேசுவாள். பள்ளிக்கு யார் வந்தாலும் ஷமீமாவைத்தான் முன்னால் நிறுத்துவோம். அவள் அப்பா பூந்தமல்லியில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். அம்மா ஜுலைகா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். மகள் படிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும் என்று அவளுக்குத் தனிப் பெருமை.

முதலில் எனக்கு உறுத்தியது கணக்கில்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் கரும்பலகையில் போட்டால் ஷமீமா சட்டென்று முடித்துவிடுவாள். வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் எல்லாவற்றையும் கூட்டிவைப்பாள். மாலா 45 பூ வைத்திருந்தாள், 18 பூவை விற்றாள், மீதி எத்தனை என்றால் 63 என்று போட்டிருந்தாள். "ஏண்டி, வித்த பூவெல்லாம் திரும்பி வந்துடுச்சா?" என்று கேலி செய்தேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த வாரமே எச்.எம். மேடம் பின்வாசல் வழியாக வந்து ஷமீமா பக்கத்தில் உட்கார்ந்தார். படத்தை மூடினார். அவள் மணி மணியாகச் சொன்னாள். மேடம் புத்தகத்தைப் புரட்டி, நான் இன்னும் தொடாத ஒரு பாடத்தைத் திறந்து நீட்டினார். ஷமீமா பக்கத்தைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "மேடம், இது இன்னும் நடத்தல."

"சரிடா கண்ணு, நடத்தட்டும்" என்று மேடம் எழுந்துவிட்டார். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் குரல் இறங்கியது. "ராஜி டீச்சர், அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியல. காதால பிடிச்சுக்குது. ஒரு தடவை நீங்க படிச்சா போதும், அதுக்குப் பாடம் பூரா வந்துடுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கே மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பார்த்தோம். பாதி வகுப்பு தானாகப் படித்தது. இன்னொரு பகுதி எழுத்துக் கூட்டித் தட்டுத் தடுமாறியது. மிச்சம் இருந்தவர்கள் இவ்வளவு நாளும் ஷமீமாவின் குரலில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லாரையும் இழுத்துக்கொண்டு போன அவளுக்கோ, எழுத்துகள் தெரியும், சின்னச் சொற்கள் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவளைத் தனியே கூப்பிட்டேன். கேட்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். "கிளாஸ்ல சொல்லிடாதீங்க டீச்சர். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எல்லாம் என்னத்தான் லீடர்னு சொல்லிகினு கீறாங்க."

ஐந்தாம் வகுப்பு முடிந்தால் அவள் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே அறிவியல், சமூக அறிவியல் என்று பக்கம் பக்கமாக இருக்கும். யாரும் முதலில் படித்துக் காட்ட மாட்டார்கள். அவள் அங்கே மூழ்கிப்போவாள் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்குள் பிப்ரவரியில் கற்றல் அடைவுத் தேர்வு. வெளியாள் வந்து, பார்க்காத கதையைக் கையில் கொடுத்துத் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார். அன்றைக்குக் குட்டு வெளிப்பட்டால், அந்தக் குழந்தை அதற்குப் பிறகு வாயைத் திறக்குமா என்றே சந்தேகம்.

எச்.எம். மேடம்தான் வழி சொன்னார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கைகழுவும் குழாய்க்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. அதற்கு உதவி செய்ய ஷமீமா லீடர். இப்படிச் சொன்னால் அவள் மானமும் போகாது, வேலையும் நடக்கும். "ஆனா ஒரு கண்டிஷன்" என்றார் மேடம். "அங்க அவ முதல்ல வாயத் திறக்கக் கூடாது. விரலை வரிக்குக் கீழ வெச்சுக் காட்டணும். சொல்றது மத்தவங்க." காலையில் வகுப்பில் அவள் வழக்கம்போல் லீடராக இருக்கட்டும், அதையும் பிடுங்கினால் பிள்ளை உடைந்துவிடும் என்றார்.

நான் அட்டைகள் எழுத ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு மனப்பாடமான பாடத்தையே எடுத்து, ஒரே ஒரு வரியை மாற்றி எழுதுவேன். 'குளத்தில் வாத்துகள் நீந்தின' என்று பாடத்தில் இருந்தால், அட்டையில் 'குளத்தில் எருமைகள் நீந்தின' என்று இருக்கும். மாறின இடத்தைக் கண்டுபிடிக்கிறவர் எழுந்து நின்று "டீச்சர் தப்பு!" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் கணக்கு. ஆசிரியரைப் பார்த்துத் தப்பு என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. முதல் இரண்டு மூன்று நாள் முனகினார்கள். பிறகு ருசி கண்டுவிட்டார்கள். அடுத்த அறையில் மூன்றாம் வகுப்பு எடுத்த சேகர் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னங்க டீச்சர், என் கிளாஸ்லயும் என்னைப் பார்த்து தப்பு தப்புன்னு கத்துதுங்க" என்றார். "தப்பு இருந்தா கத்தத்தான் செய்யும் சார்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஷமீமா ஒரு மாதம் ஒன்றையும் பிடிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. அவளுக்குத்தான் பாடம் தெரியுமே! விரல் 'எருமைகள்' மேல் இருக்கும், வாய் தன்னால் 'வாத்துகள்' என்று முணுமுணுக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கடித்துத் துப்பிப் படிக்கிற யமுனா என்ற சிறுமிதான் ஒருநாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு இரு. நீ இன்னா வாத்துன்ற? இங்க எ-ரு-மை-ன்னு கீது பாரு." எல்லாரும் சிரித்தார்கள். ஷமீமா அட்டையைக் குழாயடித் தண்ணீரில் வீசிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடிவிட்டாள்.

நான் பின்னால் போனேன். சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது வராது. "உனக்கு ஞாபகம் அதிகம், அதான் உனக்குக் கஷ்டம். யமுனாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, அதனால பார்த்துதான் ஆகணும். நீயும் மறந்துட்டு வா" என்றேன்.

"எப்பிடி டீச்சர் மறக்கறது? அதுவா வந்துடுதே!" என்று விசும்பினாள்.

அது நியாயமான கேள்விதான். அன்று சாயங்காலம் எச்.எம். மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "பாட்டை முதல்ல இருந்து பாடினாத்தானே தன்னால வரும்? கடைசியில இருந்து படிக்கச் சொல்லுங்க" என்றார். மறுநாளிலிருந்து ஷமீமா அட்டையின் கடைசி வரியிலிருந்து மேலே மேலே ஏறிப் படித்தாள். கதை தலைகீழானதும் காது கைவிட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. அவள் படிக்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே பொறுமை போகும். ஆனால் படித்தாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், ஒரு மதியம், என் அட்டையைப் பாதியில் நிறுத்தித் துள்ளி எழுந்தாள். "டீச்சர் தப்பு! காக்கா பாட்டு பாடுச்சுன்னுதானே இருக்கணும்? இங்க காக்கா பஸ் ஓட்டுச்சுன்னு எழுதி வெச்சுகீறீங்க!"

குழாயடியே அதிர்ந்தது. யமுனா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் அவளுக்கு வேகம் வரவில்லை. தேர்வு நாள் காலையில் ஜுலைகா பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஷமீமா, கண் வீங்கி.

"டீச்சரம்மா, இவ நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டா. எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு. இப்ப அந்த சார் முன்னாடி திக்கி நின்னா பசங்கல்லாம் சிரிக்குமே. காய்ச்சல்னு சொல்லி ஊட்டுக்கு இட்னு போயிடட்டா?"

சேகர் சார் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "அனுப்பிடுங்க டீச்சர். இவ ஒருத்தியால ஸ்கூல் பேரும் கெட வேணாம்" என்றார். நல்ல மனிதர்தான், அக்கறையில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நொடி மனசு ஆடியது. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த யாருக்கும் ஆடியிருக்கும்.

எச்.எம். மேடம் வந்தார். ஷமீமாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையேம்மா" என்றார் ஜுலைகாவிடம். பிறகு ஷமீமாவிடம், குரலை நன்றாக இறக்கி, "நீ திக்கினாலும் பரவால்ல. பார்த்துப் படி. வேகமா படிக்கணும்னு யாரும் கேட்கல" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜுலைகா போகவில்லை. வாசல் பக்கத்து நிழலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தேர்வு நடத்த வந்தவர் ஒரு ஆசிரியர் பயிற்றுநர், இளைஞர். அலுவலக அறையை ஒழித்துக்கொடுத்தோம். நடைமுறை இதுதான். பிள்ளை ஒவ்வொன்றாக உள்ளே போகும். கையில் ஓர் அட்டை கொடுப்பார். முதலில் ஒரு பத்தி. அது சரியாக வந்தால் அட்டையின் பின்பக்கம் இருக்கும் கதை. அவர் எதிரே கைப்பேசியில் அதே கதையை வைத்துக்கொண்டு, பிள்ளை தவறுகிற இடத்தைக் குறிப்பார். பிறகு கழித்தல், வகுத்தல், ஒரு வாக்கியக் கணக்கு. ஆசிரியர்கள் உள்ளே வரக்கூடாது, அட்டையைத் தொடவும் கூடாது. நான் ஜன்னலுக்கு வெளியே தூணோடு தூணாக நின்றேன்.

முதலில் போன பையன்களில் நாலைந்து பேர் நன்றாகப் படிக்கிறவர்கள். வெளியே வந்தவர்கள் முகம் சரியில்லை. "கதையில வரி தவறிட்டேனாம், கதை வரல, பத்தி மட்டும்தான்னு போட்டுட்டாரு டீச்சர்" என்றான் ஒருவன். அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும் அதையே. பாதி வகுப்பு முடிந்ததும் பயிற்றுநரே வெளியே வந்தார். முகம் இறுகியிருந்தது.

"மேடம், கதைக்கு வந்த எல்லாப் பிள்ளையும் ஒரே இடத்துல ஒரே தப்பு பண்ணுது. ஒரே வரியை ரெண்டு தடவை படிக்குது. கதையை முன்னாடியே யாரோ சொல்லிக்கொடுத்து, தப்பா மனப்பாடம் பண்ணி வந்த மாதிரி இருக்கு. நான் மேல சொல்லத்தான் வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்.எம். மேடம் என் கையை அழுத்தினார். "அட்டை உங்க பையிலதானே சார் இருந்துச்சு?" என்றார், காதைத் தீட்டினால்தான் கேட்கும் குரலில்.

"ஆமா மேடம். அதான் எனக்கும் புரியல."

"நாங்க ஒரு தடவை பார்க்கலாமா?"

"முடியறவரைக்கும் காட்டக்கூடாது மேடம்."

"சரி சார். முடியட்டும். எல்லாப் பிள்ளையையும் பாருங்க" என்றார் மேடம். அவ்வளவுதான். கேவலமான பழி ஒன்றை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு, அவர் போய் மதிய உணவுக்கு முட்டை வந்துவிட்டதா என்று விசாரித்தார். அந்த நெஞ்சுரம் எனக்கு வராது.

வருகைப் பதிவில் பையன்கள் முதலில், பெண்கள் பின்னால், அதிலும் ஷ என்றால் கடைசி. குழாயடி வகுப்பின் மற்றப் பிள்ளைகள் பத்தியோடு நின்றுவிட்டார்கள், கதை வரை போகவில்லை. ஷமீமா உள்ளே போனபோது மதிய மணியடிக்கிற நேரம். வகுப்பு முழுவதும் தாழ்வாரத்தில் குந்தியிருந்தது. அவள் பத்தியைப் படித்தாள். மெதுவாக, விரலை நகர்த்தி நகர்த்தி. பயிற்றுநர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அட்டையைத் திருப்பச் சொன்னார். கதை தொடங்கியது. இரண்டு மூன்று வரி போனது.

"பேருந்து நிறுத்தத்தில்... யாரும் இல்லை."

அங்கேயே நின்றுவிட்டாள்.

"ம், படி" என்றார் பயிற்றுநர்.

சத்தமே இல்லை. பட்டாபிராம் பக்கம் போகிற ரயில் ஒன்று கடந்து போய் முடிந்தது. இன்னும் சத்தமில்லை. போச்சு, குழந்தை மாட்டிக்கொண்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், தப்பு."

"என்னம்மா தப்பு?"

"இந்த வரி தப்பு சார். இப்ப படிச்ச வரியே கீழயும் கீது."

"உனக்கு வரி தவறிடுச்சு. கீழ பார்த்துப் படி."

"தவறல சார்!" குரல் உயர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த பழைய லீடர் குரல். "விரலை வெச்சுகினுதான் கீறேன் பாருங்க. இதோ இங்க ஒண்ணு. இதோ கீழ இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணு சார்!"

நாற்காலி இழுபடும் சத்தம். நான் விதியையெல்லாம் மறந்து ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தேன். பயிற்றுநர் அட்டையை வாங்கிக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. அட்டை போதாமல் எங்கேயோ கடையில் கொடுத்து மறுபடி தட்டச்சு செய்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே அந்த வரி இரண்டு தடவை விழுந்திருக்கிறது. கைப்பேசியில் கதை சரியாக இருந்ததால் அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள், அச்சில் இருப்பது தப்பாக இருக்காது என்று, இரண்டு தடவையும் பணிவாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏம்மா, உனக்கு முன்னாடி இத்தனை பேர் படிச்சாங்களே, அவங்க ஏன் சொல்லல?" என்று கேட்டார், அசடு வழிய.

ஷமீமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவங்கல்லாம் நல்லா படிக்கிறவங்க சார். நான் பார்த்துதான் படிப்பேன்."

நான் அந்தத் தூணில் சாய்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம்தான். அவள் மிச்சக் கதையை முடித்தாள். கழித்தாள், வகுத்தாள். வாக்கியக் கணக்கில் விற்ற பழத்தைக் கழிக்க வேண்டும் என்று தெரிந்து கழித்தாள். பயிற்றுநர் வெளியே வந்து எச்.எம். மேடத்திடம் எல்லாரும் கேட்க மன்னிப்புக் கேட்டார், அது அவருடைய பெருந்தன்மை. மேலே பேசி அனுமதி வாங்கி, எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் திருத்தினார். கதை வரை படிக்கும் பிள்ளைகள் கணக்கில் எங்கள் பள்ளி அந்த வட்டாரத்திலேயே மேலே வந்தது. ஒருவர்கூட விடுபடாமல் தேர்வுக்கு வந்த பள்ளி எங்களுடையது என்று வட்டாரக் கூட்டத்தில் சொன்னார்கள். முன்வருடம் இதே கூட்டத்தில் எச்.எம். மேடத்தை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். மேடம் அன்றும் தரையைப் பார்த்துத்தான் சிரித்தார். தேர்வன்று மதியம், வாசலில் காத்திருந்த ஜுலைகாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது, அவள் மகளைத் திட்டினாள். "இம்மா பெரிய ஆளு, அப்பறம் எதுக்குடி காலைல அழுதுகினு நின்ன?" திட்டிக்கொண்டே மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

மறுநாள் காலை. தமிழ்ப் பாடம். புதுப் பாடம் ஒன்றைத் திறந்தேன். வழக்கம்போல் வகுப்பு ஷமீமாவைப் பார்த்தது. இனிமேல் அவள் லீடராக இருப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை, அவள் உண்மையாகவே சம்பாதித்த இடம் அது. "வா, சொல்லு" என்றேன்.

எழுந்து வந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். வகுப்பு வாயைத் திறந்து தயாராக இருந்தது. அவள் முதல் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "அவங்கவங்க படிங்க."

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு ஒரு மூலையில் ஒரு குரல் தொடங்கியது, இன்னொரு மூலையில் இன்னொன்று. ஒருவர் முதல் வரியில், ஒருவர் மூன்றாம் வரியில், யமுனா முதல் சொல்லிலேயே. ஒன்றோடொன்று சேராமல், அறை முழுக்கத் தேனீக்கூடு மாதிரி இரைந்தது. எங்கள் வகுப்பை ஒரே குரலாகக் கேட்டே பழகிய சேகர் சார், என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப்பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். "படிக்கிறாங்க."